பேர் தெரியாத கல்லுக்கு ரேட் போடாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பை கோவண்டி ஸ்டேஷனை ஒட்டிய சாய்க் கடையில் ஒரு தம்பி எனக்காகக் காத்திருந்தான். பைங்கன்வாடிப் பையன், பி.காம். பகலில் குரியர் ஆபீஸில் டேட்டா என்ட்ரி. ராத்திரியில் ஆன்லைன் ஏலத்தில் ரஃப் கல் எடுத்து, அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருக்கும் ஹாபி ஆட்களுக்குத் திருப்பி விற்கும் சைடு பிசினஸ். மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினான். உள்ளே அரை கிலோ நீலக் கட்டிகள்.

"நேச்சுரல் சஃபையர் ரஃப் அக்கா. 6,500 ரூபாய்க்கு அடிச்சேன்."

கல்லைக் கையில் வாங்கும் முன்பே கணக்கு ஓடிவிட்டது. ஒரு கிராம் என்றால் 5 காரட். அரை கிலோ 2,500 காரட். அப்படியானால் காரட் 2 ரூபாய் 60 காசு. நாங்கள் குடித்துக்கொண்டிருந்த கட்டிங் சாய்க்கே அதைவிட ரேட் அதிகம். லூப் என்கிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி. கண்ணாடி.

பையன் முகம் செத்துப்போனது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கூடவே எரிச்சல். 6,500 ரூபாயை ஏலத்தில் போட்டவன், ஒரு லூப்பும் ஒரு பாக்கெட் தராசும் வாங்கவில்லை. இரண்டும் சேர்ந்தே ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

ஓபரா ஹவுஸ் பக்கம் கலர் ஸ்டோன் சார்ட்டிங் டேபிளில் 14 வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்த டேபிள் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். இந்த மார்க்கெட்டில் விலை கல்லின் மேல் இல்லை, பேரின் மேல் இருக்கிறது. ஒரே மாதிரி கருநீலக் கட்டி. லேபிளில் கண்ணாடி என்று எழுதினால் கிலோ ரேட். ஐயோலைட் என்றால் கிராம் ரேட். சஃபையர் என்றால் காரட் ரேட். அந்தப் பேரை நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் உங்கள் வேலைத் தகுதி. கோவலன் கதை தெரியும்தானே? சிலம்புக்குள் இருப்பது முத்துப் பரலா, மாணிக்கப் பரலா என்று பார்க்கப் பாண்டியன் அவையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உடைத்துப் பார்த்தபோது லேட். மதுரைக்கே அந்தக் கதி என்றால் உங்கள் செல்லர் ரேட்டிங் எம்மாத்திரம்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் தப்பான பேரில் வரும் கல்லெல்லாம் மோசடி இல்லை. நான் பார்த்தவரை நிறையப் பேர் தெரியாமலே விற்கிறார்கள். வாங்கிய இடத்தில் என்ன பேர் சொன்னார்களோ அதை அப்படியே காப்பி பேஸ்ட். அவர்கள்தான் உங்கள் போட்டியாளர்கள். அவர்களை ஜெயிக்க மேதாவியாக இருக்க வேண்டாம், கீழே சொல்வதை ஒழுங்காகச் செய்தால் போதும்.

1. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்கில்லை மதியுங்கள்.

தாராவி 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு துண்டைத் தட்டுவார், வளைப்பார், ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். சந்தேகம் என்றால் தண்ணீர் டிரம்மில் போடுவார். மிதப்பது ஒரு பக்கம், முங்குவது ஒரு பக்கம். பிபி மிதக்கும், பிவிசி முங்கும். எந்த காலேஜிலும் படிக்காமல் அடர்த்தியை வைத்துப் பொருளுக்குப் பேர் சொல்கிறார். ரத்தினக்கல் லேபில் நடப்பதும் இதன் நெருங்கிய சொந்தம்தான். கோவண்டி, மான்குர்ட், தாராவியில் பழைய சாமான் தொழிலைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கை, மூக்கு, சந்தேகம் மூன்றும் ரெடியாக இருக்கின்றன. இன்டர்வியூவில் அதை மறைக்காதீர்கள். "எங்கப்பா கபாடி" என்று சொல்லக் கூச்சப்பட்ட ஒரு பெண்ணை, அதைச் சொன்ன பிறகுதான் என் பழைய முதலாளி வேலைக்கு எடுத்தார்.

2. தண்ணீரில் நிறுக்கப் பழகுங்கள். இதைக் கற்காமல் ஒரு ரூபாய் பிட் போடாதீர்கள்.

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் கல்லை உலர்வாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் கப்பில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, ரீடிங்கைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முழுதாக முங்க வேண்டும், அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தட்டிவிடுங்கள். இப்போது தராசு ஒரு எண் காட்டும். உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் ஒப்படர்த்தி.

அந்தத் தம்பியின் கட்டி ஒன்று 41.2 கிராம். தண்ணீரில் காட்டியது 16.5. வகுத்தால் 2.5. சஃபையர் என்றால் 4.0 வந்திருக்க வேண்டும், அதாவது தராசு 10.3 காட்டியிருக்க வேண்டும். சாய்க் கடை மேஜையில் மூன்று நிமிஷ வேலை.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். குவார்ட்ஸ் 2.65. பெரில் 2.7 பக்கம். டோபாஸ் 3.5. ஸ்பைனல் 3.6. கிரைசோபெரில் 3.7. கொரண்டம், அதாவது மாணிக்கமும் நீலமும், 4.0. சிர்கான் 4.6, 4.7. கண்ணாடி மட்டும் ஊர்சுற்றி. செய்முறைக்குத் தகுந்தபடி 2.3 முதல் 4-க்கு மேலும் போகும்.

இந்த டெஸ்டின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கல் இதுவல்ல என்று சொல்வதில் இது கெட்டிக்காரன். இதுதான் என்று சொல்வதில் அரைகுறை. ஐயோலைட்டும் குவார்ட்ஸும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் 1902-ல் உலகுக்கு அறிவித்த முறையில் செய்த மாணிக்கமும் 4.0-தான் காட்டும், ஏனென்றால் அதுவும் அசல் கொரண்டம். அந்தச் செயற்கைக் கட்டியை உடைத்து, உருட்டித் தேய்த்து, மண் பூசிச் சுரங்கக் கல் என்று விற்பது பழைய வித்தை. அங்கே தராசு கை கொடுக்காது. லூப்பில் வளைந்த கோடுகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் லேபுக்குத்தான்.

3. கலரைக் கடைசியில் பாருங்கள்.

புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் கலரில்தான் விழுகிறார்கள். கலர் சாயம் போட்டால் வரும், சூட்டில் மாறும், போட்டோவில் ஏறும். உருவம் அவ்வளவு சுலபத்தில் பொய் சொல்லாது. பெரில் ஆறு பட்டைப் பென்சில் மாதிரி நீண்டு நிற்கும். கொரண்டம் நடுவில் பருத்த பீப்பாய். ஸ்பைனல் இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டினாற்போல் எட்டு முகம். டூர்மலின் குறுக்கே பார்த்தால் உப்பிய முக்கோணம், உடம்பில் நெடுக்குக் கோடு. குவார்ட்ஸ் பட்டையில் கோடு குறுக்கே ஓடும். நெடுக்கா குறுக்கா என்ற இந்த ஒரு கேள்வியிலேயே பல லிஸ்டிங் காலி.

முகமே இல்லாத உடைசல் கல் என்றால் 10 எக்ஸ் லூப். வெடிப்புக் கோட்டில் மட்டும் கலர் அடர்ந்து கிடந்தால் சாயம் போட்ட குவார்ட்ஸ். நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், பல சமயம் பஞ்சு உண்மையைச் சொல்லிவிடும். நீலமாகத் தெரியும் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்புங்கள். ஒரு பக்கம் ஊதா நீலம், இன்னொரு பக்கம் வைக்கோல் மஞ்சள் என்றால் ஐயோலைட். இதற்கு மிஷினே வேண்டாம். கீறிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். ஸ்பெசிமன் வாங்குகிறவர் கீறலுக்குக் காசு குறைப்பார்.

4. பேர்ப் பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் பணம் போகிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் ஊர்க் கல்லிலேயே ஆரம்பிக்கலாம். காங்கேயம், கரூர் பகுதி காலம் காலமாகக் கல் விளையும் பூமி. கடல்நீல நிறப் பெரில், மூன்ஸ்டோன், ஐயோலைட் எல்லாம் கிடைக்கும். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளே வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தப் பெருமையோடு ஒரு சின்னக் குட்டையும் உடைக்க வேண்டும். ரோமாபுரி ப்ளினி தன் இயற்கை வரலாற்று நூலின் 37-ம் பாகத்தில், இந்தியர்கள் படிகக் கல்லுக்குச் சாயமேற்றிப் பெரில் மாதிரி செய்யக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முந்தைய கஸ்டமர் கம்ப்ளெயின்ட். இன்றைக்கு ஏலத்தில் ஓடும் சாயக் குவார்ட்ஸ் பார்சல் ஒன்றும் புது ஸ்டார்ட்அப் ஐடியா இல்லை.

ஐயோலைட்டை வாட்டர் சஃபையர் என்பார்கள். அந்த வாட்டரை லிஸ்டிங்கில் சின்ன எழுத்தில் போட்டு சஃபையரைப் பெரிசாகப் போடுவார்கள். நாமக்கல் பக்கத்துக் கறுப்பு நட்சத்திரக் கல் டயாப்சைடு, ஆனால் ஊர் ஊராக பிளாக் ஸ்டார் சஃபையர் என்று விற்கிறது. கையில் டார்ச் இருந்தால் போதும். சஃபையர் நட்சத்திரத்துக்கு ஆறு கால், டயாப்சைடுக்கு நாலு. சந்தேகம் தீரவில்லையா, நல்ல காந்தத்தைக் காட்டுங்கள். உள்ளே மேக்னடைட் துகள் இருப்பதால் டயாப்சைடு இழுபடும். ரெயின்போ மூன்ஸ்டோன் என்பது லாப்ரடோரைட் என்ற வேறு ஃபெல்ட்ஸ்பார். இந்தியன் ஜேட் என்பது அவென்ட்யூரின், அதாவது பச்சைக் குவார்ட்ஸ். அழகான கல்தான், ஜேட் மட்டும் இல்லை. ஸ்மோக்கி டோபாஸ் புகைநிறக் குவார்ட்ஸ். கடையில் கிடைக்கும் ஆரஞ்சு சிட்ரின் பெரும்பாலும் சூடுபடுத்திய அமெதிஸ்ட், நுனி கருகிய ஆரஞ்சு, அடி சுண்ணாம்பு வெள்ளை. கிரீன் அப்சிடியன் என்று பாட்டில் பச்சையில், ஒளி ஊடுருவும் பெரிய கட்டி வந்தால் கண்ணாடி உலைக் கழிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தமிழ்ப் பேர் தெரிந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அகராதியில் புஷ்பராகத்துக்கு டோபாஸ் என்று போட்டிருக்கும். நகைக் கடையில் கனக புஷ்பராகம் கேட்டால் மஞ்சள் சஃபையர் என்று ரேட் சொல்வார்கள். மலிவுக் கடையில் அதே பேருக்கு சிட்ரின் வரும். மூன்று கல், ஒரே பேர், மூன்று விலை. வைடூரியம் இன்னும் வேடிக்கை. பெரில் என்ற ஆங்கிலப் பேரே கிரேக்கம் வழியாக நம் வைடூரியத்தின் உறவுக்காரச் சொல்லிலிருந்து போனது. ஆனால் இன்று வைடூரியம் கேட்டால் பெரில் தரமாட்டார்கள், பூனைக்கண் கிரைசோபெரில் தருவார்கள். அதிலும் பூனைக்கண் குவார்ட்ஸைத் தள்ளிவிடுகிறவர் உண்டு. ஆகவே பேரம் பேசும்போது தமிழ்ப் பேர், டிரேடு பேர் எதையும் நம்பாமல் மினரல் பேரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

தப்பான பேர் ராஜ குடும்பத்தையும் விடவில்லை. பிரிட்டிஷ் மகுடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பிளாக் பிரின்ஸ் ரூபி, ரூபியே இல்லை, ஸ்பைனல். அவர்களுக்கு ரிட்டர்ன் பாலிசி கவலை கிடையாது. உங்களுக்கு உண்டு.

5. வீட்டு வாசலில் இருக்கும் சரக்கில் எக்ஸ்பர்ட் ஆகுங்கள்.

மும்பையில் இருந்துகொண்டு பர்மா மாணிக்கத்துக்கு ஏன் அலைகிறீர்கள்? நம் காலடியில் இருப்பது தக்காணத்து பசால்ட் பாறை. அதன் பொந்துகளில் விளைந்த ஜியோலைட், அபோஃபிலைட், ஸ்டில்பைட் ஸ்பெசிமன்கள்தான் மகாராஷ்டிராவிலிருந்து உலகம் பூராவும் ஹாபி ஷெல்ஃபுகளுக்குப் போகின்றன. ஜல்காவ், நாசிக், புணே பேர்கள் வெளிநாட்டு கலெக்டர் வாயில் சரளமாக வரும். மும்பை காந்திவலி குவாரியின் ப்ரீனைட், ஒகெனைட் பழைய கலெக்ஷன்களில் இன்னும் கை மாறுகின்றன.

இதில் காசு பார்க்கும் இடம் ஒன்று சொல்கிறேன். புணேக்குக் கிழக்கே வாகோலி குவாரிகளில் கவன்சைட் என்ற கண்ணைப் பறிக்கும் நீலக் கனிமம் வந்தது. அதே இடத்தில் பென்டகொனைட் என்று இன்னொன்று. இரண்டும் கால்சியம் வனேடியம் சிலிகேட். ஃபார்முலா ஒன்றே, அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. இரண்டையும் முதலில் அமெரிக்காவின் ஓரிகானில் கண்டு 1973-ல் விவரித்தார்கள். கவன்சைட் பெரும்பாலும் கொத்துக் கொத்தாக உருண்டை கட்டும். பென்டகொனைட் ஈட்டி மாதிரிக் கூராக நிற்கும், குறுக்கே ஐந்து கால் நட்சத்திரமாகவும் தெரியலாம். பென்டகொனைட் அபூர்வம், விலையும் அதற்கேற்ப. இப்போது யோசியுங்கள். கவன்சைட்டைப் பென்டகொனைட் என்று விற்றால் விவரமான கலெக்டரிடம் உங்கள் பேர் கெடும். பென்டகொனைட்டைக் கவன்சைட் என்று விற்றால் உங்கள் காசு போகும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்த புணே, மும்பை செல்லரிடம் கலெக்டர் ரேட் பேசமாட்டார், அடுத்தது எப்போது வரும் என்றுதான் கேட்பார்.

மெசோலைட், ஸ்கோலெசைட், நாட்ரோலைட் மூன்றும் வெள்ளை ஊசி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். பிங்க், நீலக் கலரில் பஞ்சுருண்டை ஒகெனைட் வந்தால் அது சாயம். ஒகெனைட் வெள்ளையாகத்தான் பிறக்கும்.

மைண்டாட் என்ற இணையத் தரவுத்தளத்தைப் பழகுங்கள். எந்த ஊரில் எந்தக் கனிமம் பதிவாகியிருக்கிறது என்று அதில் தேடலாம். லிஸ்டிங்கில் சொல்லும் ஊரும் கல்லும் அங்கே பொருந்தாவிட்டால் செல்லரிடம் கேள்வி கேளுங்கள். ஊர் எழுதாத லிஸ்டிங் என்றால் பிட்டைப் பாதியாகக் குறையுங்கள். ஹாபி கலெக்டருக்கு ஊர் பேர் இல்லாத ஸ்பெசிமன் முகவரி இல்லாத ஆதார் கார்டு மாதிரி.

6. குறைத்துப் பேர் வைப்பதும் நஷ்டம்தான்.

எல்லோரும் ஏமாந்து அதிக விலை கொடுத்த கதையையே பேசுவார்கள். அதைவிட வலிக்கிற கதை இலங்கையில் நடந்தது. ரத்தினபுரிப் பக்கம் கெவுடா என்று ஒரு பால் வெள்ளைக் கொரண்டம். நகைக்கு உதவாது என்று ஒதுக்கிய கல். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே உலையில் கடும் சூட்டில் வைத்து எடுத்தால் நீலம் ஏறியது. விற்றவருக்குக் கெவுடா குப்பை. வாங்கியவருக்கு நாளைய சஃபையர். கல்லின் பேரைச் சரியாகவே சொன்னார்கள், கல்லின் வேதியியல் மட்டும் தெரியவில்லை. அந்த அறிவின் விலை முழுவதும் பாங்காக்குக்குப் போனது.

ஆகவே மிக்ஸ்டு லாட் வந்தால் அப்படியே மொத்தமாக விற்றுத் தொலைக்காதீர்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நிறுங்கள். 2.65 குவியலில் ஒரு 3.7 ஒளிந்திருந்தால் அந்த மாத வாடகை வந்துவிடும்.

7. வாங்கும்போது போலீஸ்காரர் மாதிரி படியுங்கள்.

விலையை காரட்டுக்கு மாற்றுங்கள், அரைவாசிப் பொய் அங்கேயே வெளிவரும். ஒரே போட்டோ, ஒரே வெளிச்சம் என்றால் வெயிலில் எடுத்த வீடியோ கேளுங்கள். தண்ணீர் தெளித்த கல்லில் வெடிப்பு தெரியாது, காய்ந்த போட்டோ கேளுங்கள். ஒப்படர்த்தி என்ன என்று செல்லரிடம் கேளுங்கள். எண் வந்தால் மரியாதை. "100% நேச்சுரல், 100% கேரண்டி" என்று திரும்ப வந்தால் அடுத்த லிஸ்டிங் பாருங்கள். கல்லோடு வரும் லேமினேட் கார்டு சர்ட்டிபிகேட்டைக் கண்டு மயங்காதீர்கள். லேபின் வெப்சைட்டில் ரிப்போர்ட் நம்பரைப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும், எடையும் ஒத்துப்போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக லாட் எடுத்தால் பில் வாங்குங்கள். அனுமதி இல்லாமல் தோண்டிய கல் மலிவாக வரும், கேஸும் கூடவே வரும். அதே சமயம் ஒரு அட்வான்டேஜ் உங்களுக்கு உண்டு. கரூர்த் தரகரிடம் தமிழில் பத்து நிமிஷம் பேசினால் கல் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஓபரா ஹவுஸில் உங்களுக்குப் போட்டியாக நிற்கும் ஆளால் அது முடியாது.

8. லிஸ்டிங் எழுதுவது தனி வேலை. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

தெரிந்ததையும் தெரியாததையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். என்ன டெஸ்ட் செய்தீர்கள், என்ன எண் வந்தது, என்ன செய்யவில்லை. "குவார்ட்ஸ், ஒப்படர்த்தி 2.65, சாயச் சோதனை செய்தேன், லேப் ரிப்போர்ட் இல்லை" என்ற ஒரு வரிக்கு நூறு ஃபயர் எமோஜி ஈடாகாது. நல்ல பிள்ளையாக இருக்கச் சொல்லவில்லை, சுயலாபக் கணக்குத்தான் சொல்கிறேன். ஈபேயில் விவரித்தபடி பொருள் இல்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் புகார் போட்டு ஜெயித்தால், பணத்தைத் திருப்புவதோடு ரிட்டர்ன் தபால் செலவும் உங்கள் தலையில். ஓஹையோவிலிருந்து கோவண்டிக்கு ஒரு பார்சல் திரும்பி வரும் செலவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், நேர்மை தானாக வரும்.

அமெரிக்க பையருக்கு எழுதும்போது அந்த ஊர் விதியும் தெரிய வேண்டும். அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-ல் திருத்திய நகை வழிகாட்டுதல்களில் யெல்லோ எமரால்டு, கிரீன் அமெதிஸ்ட் போன்ற பேர்களைத் தவறாக வழிநடத்தும் பேர்கள் என்று வைத்திருக்கிறது. நம்மூர் லிஸ்டிங்கில் இரண்டும் தாராளமாக ஓடுகின்றன.

கஸ்டம்ஸிலும் பேர்தான் விளையாடும். இயற்கை ரத்தினக்கல் 7103, செயற்கைக் கல் 7104, கண்ணாடியில் செய்த போலிக் கல் 7018. தெரியாமல் கண்ணாடியை 7103-ல் அனுப்பினால் அது லிஸ்டிங் தப்பு இல்லை, அரசாங்கத்திடம் கொடுத்த பொய் டிக்ளரேஷன். ஏற்றுமதிக்கு டிஜிஎஃப்டி தரும் ஐஇசி எண் எடுத்துவிடுங்கள், ஆன்லைனில் 500 ரூபாய். விலையுயர்ந்த கல்லைத் தபாலில் ஏற்றுக்கொள்வதில் நாட்டுக்கு நாடு விதி மாறும். அனுப்பும் முன் கேட்டுவிடுங்கள்.

9. இதையே வேலையாக்க நினைத்தால்.

செல்லர் ஆவது ஒரு வழி மட்டும்தான். சார்ட்டிங் அசிஸ்டென்ட், லேப் இன்டேக் டெஸ்க், ஏல கேட்டலாக் எழுதுபவர், ஸ்பெசிமன் போட்டோகிராபர் என்று பின்னால் நிறைய நாற்காலிகள் இருக்கின்றன. ஜெம் அண்ட் ஜுவல்லரி எக்ஸ்போர்ட் புரமோஷன் கவுன்சில் 1971-ல் மும்பையில் தொடங்கிய ஜெம்மாலஜிக்கல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா கோர்ஸும் நடத்துகிறது, லேபும் நடத்துகிறது. கையில் காசு இருந்தால் ஜிஐஏவின் ஜிஜி, பிரிட்டனின் எஃப்ஜிஏ போன்ற பெரிய ரத்தினவியல் கோர்ஸ்கள். காசு இல்லையென்றால் முதலில் குறுகிய கோர்ஸ், பிறகு டேபிள் வேலை, சம்பளத்தில் பெரிய கோர்ஸ். நான் போன ரூட் அது. லோன் வாங்கி டிப்ளமோ முடித்து டேபிளைப் பார்க்காமல் வந்தவர்களை என் கண்ணெதிரே தினக்கூலி சார்ட்டர்கள் ஓரங்கட்டியிருக்கிறார்கள்.

இன்டர்வியூவில் ஒரு கல்லைக் கையில் கொடுப்பார்கள். பேரைச் சொல்ல அவசரப்படாதீர்கள், அது தூண்டில். பார்த்ததைச் சொல்லுங்கள். "சிவப்பு, குமிழி தெரியலை, கையில் கனமா இருக்கு, கார்னெட் குடும்பமா இருக்கலாம், உறுதியா சொல்ல ரிஃப்ராக்டோமீட்டர் வேணும்." இப்படிப் பேசுகிற ஃப்ரெஷரை விடமாட்டார்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் மட்டும் கல்லைப் பாருங்கள். பார்சலை எண்ணி வாங்குங்கள், எண்ணித் திருப்பிக் கொடுங்கள், கொடுத்தவர் முன்னாலேயே. குஜராத்தி எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். டேபிளில் ரேட் அந்த பாஷையில்தான் பறக்கும், உங்களுக்குப் புரியாது என்று நினைத்து எதிரிலேயே பேசுவார்கள். எனக்கு முதல் இன்கிரிமென்ட் வாங்கித் தந்தது அப்படிக் காதில் விழுந்த ஒரு எண்தான்.

செலவில்லாத பயிற்சி வேண்டுமா? கோவண்டியில் ஹார்பர் லைன் ஏறினால் நேராக மஸ்ஜித். இறங்கி நடந்தால் ஜவேரி பஜார். மாதம் ஒரு சனிக்கிழமை போங்கள், எதையும் வாங்காதீர்கள், பேரை மட்டும் கேளுங்கள். ஒரே கல்லுக்கு நாலு கடையில் நாலு பேர் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து எது சரி என்று தேடுங்கள்.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது, பணம் வரவில்லை. கட்டிகளை என்ன செய்வது என்றான். என்னவோ அதையே எழுது என்றேன். "நீலக் கண்ணாடிக் கட்டி, மீன் தொட்டிக்கு" என்று லோக்கலில் போட்டு 900 ரூபாய்க்குத் தள்ளினான். நஷ்டம் 5,600. அந்தக் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறான்.

நேற்று ராத்திரி வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ. கறுப்புப் பாறையில் விசிறி விசிறியாக வெள்ளை ஊசி.

"மெசோலைட்டா, ஸ்கோலெசைட்டா அக்கா?"

"தெரியாது. எங்கே வாங்கினே?"

"இன்னும் வாங்கல. அந்தேரில ஒரு கடை."

"கடைக்காரருக்கு எந்தக் குவாரியிலிருந்து வந்துச்சாம்?"

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு பதில் வந்தது. "நாளைக்குக் கேட்டுட்டு வரேன். தராசையும் எடுத்துட்டுப் போறேன்."